மலிவு எங்கே?

திருவண்ணாமலையில் மோட்டார் சைக்கிள் ஏறிக் கல்லூரி செல்லும் மாணவர் பலர், புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று ஏங்குவதை நாம் கேட்கிறோம். அஃது உண்மையே, ஆங்கு வரி குறைவு. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று மீள்வதற்கு, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி 4 லிட்டரை விழுங்கும். 10 லிட்டர் நிரப்பி லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதால் யாது பயன்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு வரியில் 3 ரூபாய் குறைத்தது. அத்தகைய இறக்கம் நம் கையில் இல்லை. சக்கரத்திற் காற்றைச் சரியாக வைத்தலும், இருவர் ஒரு வண்டியில் வருதலும் நம் கையில் உள்ளன. 14 கிலோமீட்டர் மலையைக் கால்நடையாய் வலம் வரும் ஊரில், தெருமுனைக் கடைக்கும் வண்டி எடுத்தல் தகுமோ? எரிவது பெட்ரோல் மட்டுமன்று, பெற்றோர் வியர்வையுமன்றோ?