கொரியன் அகராதி கேட்ட தங்கச்சிக்கு

இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்குப் பிடிச்சது இது: "அண்ணா, நான் கொரியன் படிக்கிறன். போனுக்கு எந்த கொரியன்–இங்கிலீஷ் அகராதி ஆப் நல்லது?"

பதில் சுலபம். நேவர் அகராதியைப் போடுங்கோ, இலவசம். வேறு ஏதும் பார்க்கிறதெண்டால் ஸ்டோரில் இருக்கிற நட்சத்திரங்களை நம்பாதேங்கோ. நாடகத்தில் காதில விழுந்த மாதிரியே ஒரு வினைச்சொல்லைக் கொரிய எழுத்தில் அடிச்சுப் பாருங்கோ. உதாரணமா "மொகொஸ்ஸொயோ", அதாவது சாப்பிட்டேன். எந்த அகராதியிலும் அப்படி ஒரு தலைச்சொல் கிடையாது. "மொக்தா" எண்டுதான் இருக்கும். நல்ல ஆப் விகுதிகளைக் கழற்றிப்போட்டுத் தானாகவே அங்க கொண்டுபோய் விடும். மோசமான ஆப் கையை விரிக்கும். கொரியனும் தமிழைப் போல அடிச்சொல்லோடு ஒட்டுகளை அடுக்கிக்கொண்டே போகிற மொழி. அதால இந்த ஒரு சோதனையே பாதித் தெரிவை முடிச்சு வைக்கும்.

இது ஒரு கம்பனியின் கெட்டித்தனம் மட்டும் இல்லை. தென் கொரிய அரசின் தேசிய கொரிய மொழி நிறுவனம், கொரியன் படிக்கிற வெளிநாட்டுக்காரருக்கெண்டே சுமார் 50,000 சொற்களோடு ஒரு அடிப்படை அகராதி செய்தது. மொங்கோலியன், வியட்நாமியன், தாய் மொழிகளில்கூட அதற்குப் பொருள் எழுதியிருக்கினம். தரவையும் திறந்த உரிமத்தில் விட்டிருக்கினம். யாரும் எடுத்து ஆப் கட்டலாம்.

சரி, அதே சோதனையை இப்ப தமிழுக்குச் செய்து பாருங்கோ.

போன குளிர்காலம் ஒரு நாள் அம்மா எங்கட வாட்ஸ்அப் குழுவில் எழுதினா: "விடியத் தொடக்கம் மூண்டு தரம் சத்தி. ஏலாமல் கிடக்கு." நான் மீட்டிங்கில், போனைப் பார்க்கேல்லை. இங்க பிறந்த என் தங்கச்சி அதை ஒரு மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டாள். மூன்று மடங்கு சக்தி எண்டமாதிரி டொச்சில் ஏதோ வந்திருக்கு. சிரிச்சுப்போட்டு, ஒரு கட்டைவிரலும் அனுப்பிப்போட்டு வேலைக்குப் போயிட்டாள். சத்தி எண்டால் எங்கட ஊரில் வாந்தி. பின்னேரம் நான் போய்ப் பார்க்கும்வரை அம்மா தனியக் கிடந்தா.

தங்கச்சியில் பிழை இல்லை. சொல் அகராதியில் இல்லை எண்டும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் சத்திக்கு வாந்தி எண்ட பொருள் இருக்கு. அந்த அகராதி முழுதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஃபப்ரிசியஸ் அகராதியும் அங்கேயே இருக்கு. 1779இல் அதை முதலில் அச்சிட்டவர் ஒரு ஜெர்மன் பாதிரியார், ஆனால் செய்தது தமிழ்–இங்கிலீஷ். எங்கட அதிர்ஷ்டம் அப்படி. இந்தப் பழைய அகராதிகளுக்கு "ஏலாமல்" எண்டு அடிச்சால் விளங்காது. "ஏல்" எண்ட அடிச்சொல்லை நீங்களே கண்டுபிடிச்சுப் போகவேணும். அது தெரிஞ்சவருக்கு அகராதியே தேவைப்படாது.

மொழிபெயர்ப்பு ஆப்புகளின் கதை வேறு. அவை இணையத்தில் கிடைத்த தமிழைப் படிச்சு வளர்ந்தவை. அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு எழுத்து. அம்மாமாரின் வாட்ஸ்அப் தமிழ் அங்க கொஞ்சம்தான். அதோட பல ஆப்புகள் டொச்சிலிருந்து தமிழுக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் போகின்றன. டாக்டர் மரியாதையாக "ஸீ" எண்டு சொல்லுவார், நடுவில் அது "யூ" ஆகும், கடைசியில் அறுபது வயது மனிசியை "நீ" எண்டு கூப்பிடும்.

அதால என் கருத்து: மொழிபெயர்ப்பு ஆப்பை அகராதியாகப் பாவிக்காதேங்கோ, அதுவும் உடம்பு விசயத்தில். தமிழுக்கு எந்த ஆப் எடுத்தாலும் முதலில் "கதிரை", "திறப்பு", "அப்பா பேசினவர்" மூண்டையும் அடியுங்கோ. கடைசியில் ஏச்சு எண்ட பொருள் வராவிட்டால் அது எங்கட வீட்டைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆப். புத்தகம் எண்டால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இலங்கை வழக்கைத் தனியாகக் குறிச்சு, இங்கிலீஷ் பொருளும் தரும்.

ஆனால் தமிழ்–டொச்? ஆப் கட்ட எனக்கு ரெண்டு கிழமை போதும். கட்டுறதுக்குச் சொற்பட்டியல்தான் இல்லை. பேர்ண்காரருக்குத் தலை எண்டால் "க்ரிங்", பள்ளிக்கூட டொச்சில் அது "கொப்ஃப்". இந்த மாதிரிப் பேச்சுச் சொற்களுக்கெண்டே சுவிஸில் இடியோட்டிகோன் எண்ட அகராதி வேலை 1862இல் தொடங்கியது, இன்னும் நடக்குது, பொதுப் பணத்தில், இணையத்தில் இலவசமாக. அதே 1862இல்தான் யாழ்ப்பாணத்து மிஷனரிமார் தொடங்கிய வேலையை வின்சுலோ 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு மதராசில் அச்சிட்டார். அவங்கட வேலை நிக்கேல்லை.

நான் ஒரு விரிதாள் திறந்திருக்கிறன். இண்டைக்கு 212 சொல். உரிமம் திறந்தது, கொரியன்காரர் விட்டமாதிரியே. அம்மா, அம்மம்மா சொல்லி உங்களுக்கு விளங்காமல் போன ஒரு சொல்லை, அவை சொன்ன முழு வசனத்தோடு குரல்பதிவாக அனுப்புங்கோ. டொச் பொருளை நீங்கள் எழுதுங்கோ; அது என்னைவிட உங்களுக்கு நல்லா வரும். கொரியன் படிக்கிற தங்கச்சி, நீங்களும்தான்.