ஜீவனாம்சம் கைக்கு வந்ததா?

சட்டத்தில் முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம் நான் தலைப்பைக் கேட்பதில்லை. எந்த நீதிமன்றத்தில் போய் உட்காரப் போகிறாய் என்றுதான் கேட்கிறேன். பலருக்கும் இந்தக் கேள்வி புதிது. ஆய்வென்றால் நூலகம் என்று அவர்களைப் பழக்கியவர்கள் நாம்தான்.

பட்டத்துக்கான படிகள் தெரிந்தவைதான். முதுகலையில் பொதுவாக 55 விழுக்காடு, நுழைவுத் தேர்வு அல்லது நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, நேர்காணல், பாடநெறி, ஆய்வேடு, வைவா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்குத் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் வக்கீல் தொழிலையோ கல்லூரி வேலையையோ பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகச் செய்கிறார்.

இந்தப் படிகளைவிட, அந்த ஆண்டுகளை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே என் கவலை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் சட்டப் பிரிவைப் புரட்டினால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: வரலாறு, அரசியலமைப்பு, சட்டப்பிரிவுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், வெளிநாட்டு ஒப்பீடு, பரிந்துரைகள். தீர்ப்புகளை நுணுகி வாசிப்பது பெரிய திறமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு ஊரில் என்ன நடந்தது என்பதை அந்த வாசிப்பு மட்டும் சொல்லிவிடாது.

ஜீவனாம்சத்தையே எடுத்துக்கொள்வோம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களின் ஜீவனாம்சம் குறித்த ஷா பானு வழக்கு 1985, டேனியல் லத்தீபி வழக்கு 2001. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆவது பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. இவ்வளவையும் மேசையில் இருந்தபடியே எழுதிவிடலாம்.

ஆனால் நம் மாவட்டக் குடும்பநல நீதிமன்றத்தில் அந்தப் பிரமாணப் பத்திரத்தை உண்மையிலேயே கேட்கிறார்களா? கணவர் எத்தனை வாய்தா வாங்கினார்? உத்தரவு வந்த பிறகு பணம் வந்ததா, அல்லது அந்தப் பெண் நிறைவேற்று மனுவோடு மறுபடியும் படியேறினாரா? இவற்றுக்கான விடை வழக்குக் கட்டுகளில் இருக்கிறது. கீழமை நீதிமன்றக் கட்டுகளில் மனுக்களும் சாட்சியமும் பெரும்பாலும் தமிழில். ஊர்ப் பேச்சின் நெளிவு சுளிவு தெரிந்த நம் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய ஆவணங்கள் அவை. ஆனால் அரசியலமைப்பின் 348ஆவது பிரிவால் உயர் நீதிமன்றங்கள் பொதுவாக ஆங்கிலத்தில் இயங்குவதால், ஆங்கிலத்தில் உள்ளதே சட்டம் என்ற எண்ணம் ஆய்வு மாணவர்களிடமும் படிந்துவிட்டது.

அவசரமும் உண்டு. முடிந்த வழக்குகளின் கட்டுகள் என்றென்றும் ரெக்கார்டு ரூமில் இருப்பதில்லை. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டப்படி, குறித்த காலம் கடந்ததும் அவற்றை அழிக்கலாம். இன்று யாரும் வாசிக்காத ஒரு கட்டு நாளை கேட்டாலும் கிடைக்காமல் போகலாம்.

கட்டுகளைத் தேடி வாசிக்கும் இந்த வேலையில் கஷ்டம் அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். வழக்கில் சம்பந்தப்படாதவர் கட்டைப் பார்க்க வேண்டுமென்றால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும், அந்தப் பெண்களின் பெயரும் ஊரும் வெளியே தெரியாமல் காக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது. இரண்டுமே நியாயமான கட்டுப்பாடுகள். ஆனால் ஒவ்வொரு மாணவியும் தனியாக ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்ற அலுவலகங்களில் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டப் பல்கலைக்கழகங்களே உயர் நீதிமன்றத்தை அணுகி, தங்கள் ஆய்வாளர்களுக்கென ஒரு பொது நடைமுறையைக் கேட்டுப் பெறலாம். எந்தக் கட்டு, எவ்வளவு நாள், என்ன நிபந்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விஷயம் அது.