இரைப்புக்கு ஏன் வெட்கம்?

நடுச்சாமம். பனமரத்துப்பட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. பத்து வயதுப் பெண் ஒருத்தி பாயில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறாள். நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஓசை. அம்மாயி முதுகை நீவிவிடுகிறாள். தகப்பனார், சேலத்துக்கு வண்டி பிடிக்கலாமா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த நீல நிறப் பம்பு, பிரிக்காத அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

"அது வேண்டாம் கண்ணு! ஒரு தடவை போட்டால் அப்புறம் அது இல்லாமல் முடியாது. பொட்டப் பிள்ளைக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்கிறாள் அம்மாயி.

இது எந்த வீடு என்று யாரும் தேட வேண்டியதில்லை. நமது ஜில்லாவில் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அம்மாயியின் அன்பில் குறையில்லை. அவள் காதில் விழுந்த செய்தியில்தான் குறை. அந்தச் செய்தியைத் திருத்த வேண்டியது நம் எல்லோருடைய கடமை.

அரளியா, கருவேலமா?

பனமரத்துப்பட்டி பூவுக்குப் பெயர் பெற்ற பகுதி. விடியற்காலையில் அரளி மொட்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போகும். ஆகவே, "இந்தப் பூவால்தான் இரைப்பு வருகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. பாவம், அரளி! கண்ணைக் கவரும் பூக்களின் மகரந்தம் பொதுவாகக் கனமானது, பிசுபிசுப்பானது. அது வண்டின் காலிலும் பட்டாம்பூச்சியின் வாயிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். மனிதனின் மூச்சுக்குள் வந்து விழுவது அரிது. நெடியோ வாசனையோ சிலருக்கு இருமலைத் தூண்டலாம். அது வேறு விஷயம்.

ஒவ்வாமை உண்டாக்கும் மகரந்தம் பெரும்பாலும், நாம் பூ என்றே மதிக்காத பூக்களிலிருந்து வருகிறது. புல்லும் களையும் வேலிச் செடியும் பூப்பதை யார் பார்க்கிறார்கள்? அந்தத் தூள்தான் காற்றில் ஏறி மைல் கணக்கில் போகிறது.

இங்குள்ள ஏரியை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் நகரத்தின் தாகம் தீர்க்க ஏற்பட்ட பெரிய ஏரி அது. நீர் வற்றிய ஆண்டுகளில் அதன் வயிற்றில் சீமைக் கருவேலம் காடாக மண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விறகுக்கு ஆகும் என்று கடல் கடந்து கொண்டுவந்த மரம் இது. இதன் மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது என்று இந்திய விஞ்ஞானிகள் நோயாளிகளின் தோலில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டு வாக்கில் புனாவில் முதலில் கண்ணில் பட்டு, பிறகு தேசமெங்கும் சாலையோரங்களைப் பிடித்துக்கொண்ட பார்த்தீனியமும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் கருவேலத்தை வெட்டிவிட்டால் இரைப்பு போய்விடுமா? ஏரியின் நன்மைக்காக வெட்டத்தான் வேண்டும். ஆனால் நோய் அதோடு போகாது. ஏனென்றால் பகைவன் ஒருவன் அல்லன். அவர்களில் பலர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஆராய்ச்சி நடந்த பாதை

இந்த உண்மைகள் ஒரு நாளில் தெரிந்தவை அல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் பிளாக்லி என்ற வைத்தியர், கோடைதோறும் தும்மலால் அவதிப்பட்டார். பசையிட்ட கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி உயரப் பறக்கவிட்டு, வானத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். அந்தத் தூளைத் தம் மூக்கிலேயே ஏற்றிப் பார்த்து, 1873இல் புத்தகமாக வெளியிட்டார். 1906இல் வியன்னாவின் கிளெமன்ஸ் வான் பிர்கே 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். 1964இல் ஹாலந்து நாட்டு லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள், வீட்டுத் தூசியில் குற்றவாளி தூசி அல்ல, அதில் வாழும் நுண்ணிய உண்ணியே என்று காட்டினார்கள். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் குடித்தனம் நடத்தும் பிராணி அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டு என்று நம் பாட்டிமார் சொன்னதில் எவ்வளவு பொருள் இருந்தது!

இத்தனை பகைவர்களும் உடம்புக்குள் எந்த வாசலைத் தட்டுகிறார்கள்? அமெரிக்காவில் டென்வர் நகரில் வேலை பார்த்த ஜப்பானியத் தம்பதிகளான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும், தங்கள் தோலிலேயே ஊசி ஏற்றிச் சோதித்து, 1966இல் அதற்கு விடை கண்டார்கள். ஸ்வீடனில் நடந்த ஆராய்ச்சியும் அதையே உறுதி செய்தது. ஐ.ஜி.இ. என்று பெயர் பெற்ற அந்தப் பொருள், உடம்பின் காவற்காரன். மகரந்தத்தைக் கண்டதும் திருடன் வந்துவிட்டான் என்று ஊரையே எழுப்பிவிடுகிறான். வந்தது திருடன் அல்ல; ஆனால் அந்தக் கூச்சலில் மூச்சுக் குழாய் வீங்குகிறது, சளி சுரக்கிறது, தசை இறுகுகிறது. அதுதான் இரைப்பு.

அடுப்படியும் ஆகாயமும்

நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சியும் குறைந்ததல்ல. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று அடுப்படிக் காற்றை அளந்தார்கள். விறகும் சாணமும் எரியும் வீட்டில், சமைக்கும் பெண்ணின் மூச்சுக்குள் போகும் நுண்தூசி எவ்வளவு என்பதை 2002இல் வெளியிட்டார்கள். கிராமத்துக் காற்று சுத்தமானது என்று நாம் பேசிக்கொள்வதெல்லாம் அடுப்படி வாசல் வரைதான் என்பது அதிலிருந்து விளங்கும். ஏரியில் வெட்டிய கருவேலம் வீட்டில் விறகாக எரிந்தால், பூத்தபோது ஒரு தொல்லை, புகைந்தபோது இன்னொரு தொல்லை!

பெங்களூரில் குழந்தை வைத்தியர் டாக்டர் எச். பரமேஷ், ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளை இருபது ஆண்டுக் காலம் கணக்கெடுத்தார். 1979இல் நூற்றுக்கு 9 பேருக்கு இருந்த ஆஸ்துமா, 1999இல் 29.5 ஆக உயர்ந்திருந்தது. அதே இருபது ஆண்டுகளில்தான் அந்நகரம் வாகனமும் தொழிற்சாலையுமாகப் பெருகியது. சேலம் அந்த வழியில்தானே போய்க்கொண்டிருக்கிறது?

இன்னொரு சம்பவம் கடல் கடந்து நடந்தது. 2016 நவம்பர் 21ஆம் தேதி மாலை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் மேல் இடி மின்னலுடன் புயல் வீசியது. புல்லின் மகரந்தம் நுண்ணிய துகள்களாக வெடித்துக் காற்றில் நிறைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பின்னர் ஆராய்ந்ததில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். மற்றொன்று, பெரும்பாலோருக்குப் பருவத்தில் மூக்கொழுகலும் தும்மலும் உண்டு. ஆனால் ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லியிருந்தது சிறுபான்மையோருக்குத்தான். "வெறும் சளிதானே!" என்று நாம் தள்ளிவிடும் தும்மலுக்குள் இரைப்பு ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பம்பு பொல்லாததா?

இனி அம்மாயியின் பயத்துக்கு வருவோம். 1950களில் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவருடைய மகளுக்கு ஆஸ்துமா. "தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா?" என்று அந்தச் சிறுமி கேட்டாளாம். 1956இல் இன்ஹேலர் கடைக்கு வந்தது. அதன் தத்துவம் எளியது: நோய் இருக்கும் இடத்துக்கே மருந்தை நேராக அனுப்புவது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. பம்பின் ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை, இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வருகிறது. பம்பு மருந்து வாசலிலேயே இறங்கிவிடுகிறது. அதிக மருந்தான மாத்திரைக்குப் பயப்படாமல், அற்ப மருந்தான பம்புக்குப் பயப்படுவது விசித்திரமல்லவா? பழகிப்போய் அடிமையாக்கும் தன்மையும் அதற்குக் கிடையாது.

ஆனால் பம்பில் இரண்டு வகை உண்டு. இதை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தி அப்போதைக்கு மூச்சு விடச் செய்வது. பெரும்பாலும் நீல நிறப் பம்பு இதுதான். மற்றொன்று, குழாயின் வீக்கத்தை நாளடைவில் வற்றச் செய்து, திணறல் வராமலே தடுப்பது. பியூடசனைடு, பெக்ளோமெத்தசோன் போன்றவை இந்த வகை. முதல் வகை நெருப்பை அணைக்கும் தண்ணீர். இரண்டாவது வகை நெருப்பே பிடிக்காமல் காக்கும் ஓட்டுக்கூரை. நாமோ கூரையை மாற்றாமல் குடத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

தடுப்பு மருந்தின் பெருமைக்கு ஒரு கணக்குப் போதும். கனடாவில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு வருஷத்தில் நோயாளி கூடுதலாக உபயோகித்த ஒவ்வொரு குப்பித் தடுப்பு மருந்துக்கும், ஆஸ்துமாவால் இறக்கும் அபாயம் 21 சதவிகிதம் குறைந்தது. நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பது பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஆகாது என்று, உலகத்து ஆஸ்துமா நிபுணர்களின் அமைப்பான ஜீனா 2019இல் திட்டவட்டமாக அறிவித்தது.

பம்பைச் சரியாக இழுக்கத் தெரியாத குழந்தைகளுக்கு நடுவில் ஒரு குடுவை வைப்பார்கள். அதை விலை கொடுத்து வாங்க முடியாத ஏழை நாடுகளுக்கு ஒரு வழி உண்டா? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர டாக்டர்கள், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டுப் பம்பைப் பொருத்திப் பார்த்தார்கள். விலை உயர்ந்த குடுவைக்கு அது சளைக்கவில்லை என்று 1999இல் நிரூபித்தார்கள். டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டால் நம் வீட்டிலும் செய்யலாம். தடுப்பு மருந்தை இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பதை மறக்கக் கூடாது, அவ்வளவே.

நாட்டு மருந்தின் நியாயம்

"நம் ஊர்ப் பச்சிலையில் இல்லாததா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான், சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாயிற்று. 1960களில் தில்லி வல்லபபாய் பட்டேல் மார்பு நோய் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் டி. என். சிவபுரி குழுவினர், நஞ்சறுப்பான் இலையை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து முறைப்படி சோதித்தார்கள். எது இலை, எது போலி என்று யாருக்கும் தெரியாதபடி வைத்துச் சோதித்ததில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் வேறு டாக்டர்கள் 1979இல் வெளியிட்ட அதே மாதிரிச் சோதனையில் அந்தப் பலன் தென்படவில்லை. விஞ்ஞானத்தின் நேர்மை இதுதான். நம்முடையது என்பதற்காக ஏற்பதில்லை. நம்முடையது என்பதற்காகத் தள்ளுவதுமில்லை. ஆகவே கஷாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஹைதராபாத்துக்கு மீன் மருந்துக்குப் போகிறவர்கள் போய் வரட்டும். டாக்டர் கொடுத்த பம்பை மட்டும் அதற்காக நிறுத்திவிடக் கூடாது. அந்த ஒரு தவறுதான் உயிரை வாங்குகிறது.

செய்ய வேண்டியது என்ன?

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி, இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.43 கோடிப் பேர். உலகத்து ஆஸ்துமாச் சுமையில் நம் பங்கு 13 சதவிகிதம். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் நம் பங்கு 40 சதவிகிதத்துக்கும் மேல்! நோய் நமக்கு மட்டும் கொடியதாக வரவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படாமலும் இல்லை. மருந்துக்கும் மார்புக்கும் நடுவே பயமும் வெட்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

சர்க்காருக்கு நாம் சொல்வது இது. 2021 முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல காரியம். அந்தப் பையில் தடுப்புப் பம்பும் தவறாமல் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், ஊதிப் பார்த்து மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி இருக்கட்டும். நர்ஸ் ஒருவர் பம்பை எப்படி இழுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கட்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கும் குழந்தையைச் சோம்பேறி என்று நினைக்காமல், அது ஏன் ஒதுங்குகிறது என்று கேட்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி போட்ட பெண்ணைக் குருடி என்று யாரும் ஒதுக்குவதில்லை. பம்பு இழுக்கும் பெண் மட்டும் எந்த விதத்தில் குறைந்தவள்? தடுப்பு மருந்தை ஒழுங்காக உபயோகிப்பவர்கள் ஓடலாம், பாடலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். ஒளித்து வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு நடுச்சாமத்தில் வெளிப்படுவதுதான் பெண்ணுக்கு ஆபத்து.

பெட்டியில் இருக்கும் மருந்து பேசாது. அதைப் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்றிரவு அந்த வீட்டில் அம்மாயியின் கையே அந்த அட்டைப் பெட்டியைப் பிரிக்கட்டும். விடிந்ததும் தகப்பனார் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போய்த் தடுப்பு மருந்தையும் கேட்டு வாங்கட்டும். அப்படிச் செய்தால், இனி வரும் இரவுகளில் அந்த வீட்டு விளக்கு நேரத்தோடு அணையும். பிள்ளை நிம்மதியாகத் தூங்குவாள்.