பொய்ப் போரில் மெய்ப் பரீட்சை!

1988 ஜூலை 3-ந் தேதி பாரசீக வளைகுடாவில், அமெரிக்காவின் "வின்சென்ஸ்" போர்க்கப்பல் ஈரான் நாட்டுப் பிரயாணி விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. மாண்டவர்கள் 290 பேர். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கப்பலின் கம்ப்யூட்டரும் அப்படியே பதிவு செய்திருந்தது. ஆனால், போர் விமானம் கீழே இறங்கி வருகிறது என்றே காப்டனுக்குச் சொல்லப்பட்டது! யந்திரம் சரியாகவே வேலை செய்தது என்று விசாரணை அறிக்கை கூறிற்று.

அப்படியானால் மாலுமிகளைப் பரீட்சிப்பது எப்படி? 1990-ல் அமெரிக்கக் கடற்படை இதற்கென்றே ஆராய்ச்சி தொடங்கியது. கரையில் ஓர் அறை. கப்பலில் உள்ளது போன்ற திரைகள். கம்ப்யூட்டர் ஒரு பொய்ப் போரை நடத்தும். நண்பனா, பகைவனா என்று தெரியாத புள்ளிகள் திரையில் நெருங்கி வரும். யார் எந்த விநாடியில் என்ன செய்தார் என்பதை யந்திரம் குறித்துவிடும். அவர்களுடைய பேச்சைக் கேட்டு மார்க் போடுவது நிபுணர்களின் வேலை.

இதில்தான் ருசிகரமான விஷயம் இருக்கிறது. தேர்ந்த குழுவில், மேலதிகாரி கேட்கும் முன்பே அவருக்கு வேண்டிய தகவல் வந்து சேருகிறது! ஆகவே முடிவை மட்டும் பார்த்து மார்க் போடுவதில்லை. சுடாமல் விட்டது சரிதான்; குருட்டாம்போக்கில் விட்டிருந்தால்?

ஒரு குறை உண்டு. அறைக்குள் உயிர்ப்பயம் இல்லை. "வின்சென்ஸ்" அன்று ஈரானியப் படகுகளோடு நிஜமாகவே சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அறையில் தேறிய குழு கடலிலும் தேறும் என்று யாரும் ஜாமீன் தர முடியாது. அங்கேயே தடுமாறுகிற குழுவை மேலும் பழக்காமல் அனுப்பக் கூடாது என்பது தெரிகிறதே, அந்த மட்டில் லாபந்தான்.