அகிம்சை இளைஞருக்கு மட்டுமா?

இளைஞரையும் பொலிசாரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்திப் பேசவைக்க வேண்டும் என்ற குரல் வடபகுதியில் அவ்வப்போது எழுகின்றது. யோசனை நல்லது, நாம் அதனை வரவேற்கின்றோம். ஆயினும், எதைப் பேசுவது, எந்த நிபந்தனையின்மீது பேசுவது என்பதைத் தீர்மானியாது மண்டபத்தில் நாற்காலி அடுக்குவதாற் பயன் யாது?

இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக நிகழ்வதை மக்கள் அறிவர். பொறுப்பதிகாரி போதைவஸ்தின் தீமையையும் வாள்வெட்டின் கொடுமையையும் எடுத்துரைப்பார். இளைஞர் தலையசைப்பர். தேநீர் அருந்திப் படம் பிடித்தபின் யாவரும் கலைவர். இளைஞரின் நெஞ்சில் உள்ள வினாவோ கேட்கப்படாமலே வீடு திரும்பும்.

அந்த வினா எது? 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். முதலில் வீதி விபத்து என்றே சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது பின்னரே வெளிப்பட்டது. பொலிசார் ஐவர் கைதாயினர். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசாரால் கைதுசெய்யப்பட்ட இளைஞர் ஒருவர், சித்திரவதைக் குற்றச்சாட்டின் நடுவே உயிரிழந்தார். அதிலும் பொலிசார் கைதாயினர். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டையும் 1981 நூலக எரிப்பையும் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இவை புதிய செய்திகளல்ல. பழைய கணக்கின் தொடர்ச்சியே. “எங்களை அடித்தால் யாரிடம் முறையிடுவது?” என்பதே அவர்தம் வினா.

சட்டம் இவ்வினாவுக்கு விடை வைத்திருக்கின்றது. சித்திரவதையை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடுக்கின்றது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கி, 7 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத மறியற் தண்டனையை விதிக்கின்றது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருப்பின், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராது. ஏட்டிலுள்ள இந்த விடை நிலையத்து வாசலை எட்டுவதில்லை என்பதே குறை.

இது இளைஞரின் வழக்கு மட்டுமன்று. மாடு களவுபோனதை முறையிடச் செல்லும் கமக்காரன், தான் சொன்னது தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட, அதன் கீழே கையெழுத்திட்டுத் திரும்பிய கதைகள் எத்தனை! வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. கூறியவாறு நடப்பதும் பொறுப்புக்கூறலின் ஒரு பகுதியே.

அகிம்சையை இளைஞருக்குப் போதிப்போர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அடித்தவர் பொலிசார்; அடியைத் தாங்கிக்கொண்டு கையோங்காதிருந்தவர் தமிழ் மக்கள். அகிம்சை நாம் கற்காத பாடமன்று. துவக்கும் சீருடையும் உடையவனே முதலில் அதற்குக் கட்டுப்பட வேண்டியவன். அவனுக்கே சட்டம் பலத்தையும் அளித்து எல்லையையும் வகுத்திருக்கின்றது.

இதைச் சொல்வதால் வாளேந்தித் திரியும் கூட்டத்தாருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அயலவன் வீட்டுக்குள் வாளோடு புகுபவன் தன் இனத்தையே வெட்டுகின்றான். அடக்குமுறைக்கு நியாயம் தேடுவோரின் கையில் ஆயுதத்தையும் கொடுக்கின்றான். பொலிசாரிடம் கணக்குக் கேட்கும் இளைஞன் தன் கையையும் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

வட அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே கத்தோலிக்க மக்கள் பொலிஸ் படையை நெடுங்காலம் நம்பவில்லை. 1999இல் வெளியான பற்றன் ஆணைக்குழுவின் அறிக்கை சந்திப்புகளோடு நின்றுவிடவில்லை. படையின் பெயரையும் சின்னத்தையும் ஆட்சேர்ப்பு முறையையும் மாற்றச் சொன்னது. பொலிசாருக்கெதிரான முறைப்பாடுகளைப் பொலிசார் அல்லாத சுதந்திர அலுவலகமொன்று 2000 முதல் விசாரித்து வருகின்றது. அமைப்பு மாறத் தொடங்கியபின்னரே பேச்சுக்குப் பொருள் உண்டாயிற்று. இங்கோ, 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கென எழுதிய பொலிஸ் அதிகாரம் ஏட்டோடு நிற்கின்றது.

ஆகவே, சந்திப்புக்கு நாம் முன்வைக்கும் நிபந்தனைகள் நான்கு. பேச்சும் குறிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும். கேட்ட வினாக்களுக்கு எழுத்தில் விடை தரப்பட்டு, அடுத்த கூட்டம் அவ்விடைகளை வாசித்தே தொடங்குதல் வேண்டும். வினாவெழுப்பிய இளைஞனின் பெயர் புலனாய்வாளரின் கைக்குச் செல்லலாகாது. அதற்குச் சாட்சியாகச் சட்டத்தரணியும் ஆசிரியரும் சபையில் இருத்தல் வேண்டும். நீதிமன்றிலுள்ள வழக்குகள் எக்காரணங்கொண்டும் சமரசத்துக்கு உரியனவாகா.

சட்டத்தரணிகளே, ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்கள் பிள்ளைகளை அச்சமின்றி அனுப்புங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். இளைஞர்களே, கூட்டத்தைப் பகிஷ்கரியாதீர்கள். வெறுங்கையோடும் நிறைந்த குறிப்பேட்டோடும் சென்று அமருங்கள். விடை வரும்வரை வினாவை விடாதீர்கள்!