கணிப்பொறி கண்விழிக்கும் வழி

2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' நிறுவனமாயிற்று. கேரள அரசுப் பள்ளிகளில் பயிலும் நம் விழிஞ்ஞத்துச் சிறார் அறிந்தது, அந்நிறுவனம் உபுண்டுவை அடியாகக் கொண்டு ஆக்கிய லினக்ஸ். அதனை வீட்டுக் கணிப்பொறியிலும் நிறுவ அவர்கள் விழைவது இயல்பே. ஆயின், ஊரிலுள்ள பெரியோரின் படங்களும் அதே வட்டில் அன்றோ இருக்கின்றன!

வட்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இக்காலக் கணிப்பொறியில் பொத்தானை அழுத்தியதும், சில நூறு மெகாபைட்டே கொண்ட 'இ.எஃப்.ஐ.' பகுதியிலிருந்து 'க்ரப்' என்னும் நிரல் எழும். அது லினக்ஸின் கெர்னலையும், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் துணைத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றும். ஷண்டிங் எஞ்சின் பெட்டிகளைப் பிளாட்பாரத்தில் சேர்த்துவிட்டு விலகுவதுபோல, அத்தொகுப்பு லினக்ஸ் உறையும் பகுதியைத் திறந்து கொடுத்துவிட்டு ஒதுங்கும்.

சிறு பகுதிதானே என்று இ.எஃப்.ஐ. பகுதியை அழித்தால் கணிப்பொறி எழாது. ஆயினும் அடைபட்டது வழியே. படங்கள் தம் பகுதியில் அப்படியே இருக்கும். அந்நிலையில் எவர் சொன்னாலும் வட்டு முழுவதையும் அழிக்க இசையாதீர். பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, படங்களை முதலில் வேறு வட்டிற்கு மாற்றுக. வட்டு மறைகுறியிட்டுப் பூட்டப்பட்டதாயின் அதற்குரிய திறவுகோல் எண் வேண்டும். அதனை இன்றே குறித்து வைப்பீராக.