வெளிநாட்டு வைத்தியரும் உள்நாட்டுப் பரீட்சையும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலுங்கூட இப்பொழுது வைத்தியப் படிப்பென்றால் ருஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று தேசங்களின் பெயரைச் சொல்லக் கேட்கின்றோம். பருத்திக் காட்டையும் மக்காச்சோளக் காட்டையும் அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், திரும்பி வந்தபின் இருக்கும் பரீட்சையைப் பற்றி விசாரிப்பதேயில்லை.

வெளிநாட்டுப் பட்டக்காரர் இங்கு தொழில் செய்ய வேண்டுமானால் 2002-ம் வருஷ முதல் ஒரு தகுதிப் பரீட்சை உண்டு. 300 கேள்விகளில் 150-க்குச் சரியாக விடையெழுத வேண்டும். பெரும்பாலான தடவைகளில் எழுதினவரில் கால்வாசிப் பேர்கூடத் தேறுவதில்லை. தேறாதவன் ஊரில் டாக்டருமல்ல, குடியானவனுமல்ல. கடனோ வட்டியோடு வளர்கிறது.

பரீட்சையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டுகிறவனிடம் யாரும் யோக்கியதை கேட்பதில்லை. அதனால்தான் அவனிடம் ஏமாறுகிறோம். உடம்பைக் கத்தியால் அறுக்கிறவனுக்காவது பரீட்சை இருக்கட்டும். பணக்காரன் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான்; அரைகுறை வைத்தியனிடம் சாகப் போகிறவன் நம் கிராமத்தானே.

ஆனால், நாம் கேட்பதெல்லாம், பரீட்சையிலும் ஏன் வருணாசிரமம் என்பதே. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து தேசங்களில் வைத்திய மேற்பட்டம் பெற்று அங்கே தொழில் செய்யும் உரிமை பெற்றவருக்கு இப்பரீட்சையிலிருந்து விலக்கு. அங்கே பயிற்சி கடுமை என்பார்கள். இருக்கலாம். கடுமையாய்ப் பயின்றவருக்குப் பரீட்சைக்கு என்ன பயம்? இது போகட்டும். உள்நாட்டிலே கோடிக்கணக்கில் கொட்டி நிர்வாகத்தின் இடத்தில் சேர்ந்தவனுக்குத் தன் சர்வகலாசாலைப் பரீட்சையே போதுமாம்! இருவர்க்கும் ஒரே பரீட்சை வைப்பதாக 2019-ம் வருஷ தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் எழுதினார்கள். 2023-ல் அதைத் தள்ளிவைத்தார்கள். யாருக்காகத் தள்ளிவைத்தார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, பிள்ளைகள் ஏன் கடல் கடந்து போகிறார்கள்? அரியலூர் ஜில்லா குழுமூர் அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200-க்கு 1176 மார்க்கு வாங்கினாள். நீட் என்னும் ஒரு நாள் பரீட்சை அதையெல்லாம் ஒன்றுமில்லை என்றது. சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பார்த்தாள். 2017 செப்டம்பர் 1-ந் தேதி அப்பெண்ணை இழந்தோம். நிலம் உள்ளவனுக்கு மணிலா உண்டு. அனிதாவுக்கு என்ன உண்டு? அரியலூரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி 2022-ல் வந்தது, வரவேற்கிறோம். அதே ஜில்லாவின் கூலிக்காரன் பிள்ளை உள்ளே போக அந்த நீட் வாசல்தானே இன்னமும் வழி!

உக்ரேனில் 2022-ல் யுத்தம் வந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் குண்டுச் சத்தத்தில் ஓடி வந்த பிறகுதான், இத்தனை பேர் அங்கே படித்தார்களா என்று அநேகர் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியத்திற்கு வெட்கப்பட வேண்டியது சர்க்கார்.

அனுப்பித்தான் தீருவேன் என்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டுக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் இப்பரீட்சை எழுதினார், எத்தனை பேர் தேறினார் என்னும் கணக்கைப் பரீட்சை வாரியமே வெளியிட்டிருக்கிறது. படிப்பு ஐம்பத்துநான்கு மாதத்துக்குக் குறையக்கூடாது, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி வேண்டும், இங்கிலீஷில் நடக்க வேண்டும் என்று 2021-ல் விதியும் போட்டிருக்கிறார்கள். தரகன் காட்டும் வர்ணப் படத்தை மூடிவைத்துவிட்டு இவற்றை அவனிடம் கேளுங்கள். விமானம் ஏற நல்ல நாள் பார்க்க ஜோசியனுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.